அணில் டெக் வாங்கலாமா? ஸ்குவிரல்ட் அவே, ஒரு வருஷத்துக்கு மேல ஆடிப் பாத்துட்டு சொல்றேன்

பாக்ஸ் பிரிச்ச அன்னைக்கே ரிவ்யூ போடறதுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க, கார்டு கேம்ல அது கல்யாணப் பந்தியில இலை போட்டதும் சாப்பாடு சூப்பர்னு சொல்ற மாதிரி. இதை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆடி, பாதி கார்டை மாத்தி, மாத்தினதுல கொஞ்சத்தை திரும்ப பழைய இடத்துலயே வச்சு, இப்பதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன், அதான் எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மேஜிக் தி கேதரிங் 1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்ட் போட்ட கேம், அதுல கமாண்டர்னு ஒரு வகை இருக்கு, பொதுவா நாலு பேர் உக்காந்து ஆடறது, ஆளுக்கு 40 லைஃப், டெக்ல 100 கார்டு, சாதா நிலம் தவிர எதுவும் ரெண்டு காப்பி இருக்கக் கூடாது, அந்த நூறுல ஒருத்தர் உங்க தலைவர், அவர் கலர்தான் மொத்த டெக்கோட கலர். தலைவர் செத்தா திரும்ப கூப்பிடலாம், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மானா (கார்டு போட செலவு பண்ற சக்தி, பெரும்பாலும் நிலம்தான் தரும்) கூட செலவாகும். அவ்வளவு தெரிஞ்சா போதும், மிச்சத்தை ஆடும்போது யாராவது கத்துக்குடுப்பாங்க, கூடவே கத்துவாங்க.

2024 ஆகஸ்ட் 2ம் தேதி மேஜிக்ல ப்ளூம்பரோனு ஒரு புது கார்டு செட் வந்துச்சு. மனுஷனே இல்லாத உலகம், எலி, முயல், தவளை, வௌவால், நீர்நாய்னு எல்லாம் சட்டை போட்டு கத்தி புடிச்சிட்டு நிக்கும். அதோட சேர்ந்து வந்த நாலு ரெடிமேட் கமாண்டர் டெக்ல ஒண்ணுதான் இந்த ஸ்குவிரல்ட் அவே, கருப்பு-பச்சை, அணில் தீம். தலைவி பேரு ஹேசல் ஆஃப் தி ரூட்ப்ளூம். ஆடியே தீரணும்னு நினைச்சதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், டிராகன் வச்சு ஜெயிக்கறதுல என்ன இருக்கு, அணில் வச்சு டிராகனை அடிச்சா அதுல ஒரு கெத்து இருக்குல்ல.

அண்ணன் பொண்ணு ஏழாவது படிக்கிறா, பாக்ஸை அவதான் பிரிச்சா. ஹேசல் படத்தைப் பாத்துட்டு முதல் கேள்வி, "சித்தப்பா, முதுகுல மூணு கோடு எங்க?" இது நம்ம ஊர் அணில் இல்லம்மா, ராமர் தடவிக் குடுக்காத அணில்னு சொன்னேன். அப்புறம் மத்த கார்டையும் பாத்தா, அந்த உலகத்துல அணிலுங்க எலும்பு பொறுக்கி செத்ததை எழுப்பற மந்திரவாதிங்க, பாலம் கட்ட மணல் கொண்டு வந்த பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவளுக்கு ஏமாத்தம், எனக்கு இன்னும் பிடிச்சுப் போச்சு. சமர்த்தா மூஞ்சிய வச்சுக்கிட்டு சுடுகாட்டுல வேலை பாக்கற அணில், டெக் ஆடற விதமும் அப்படியேதான். (செத்த கார்டு, ஆடி முடிச்ச கார்டு எல்லாம் போற குவியலுக்கு மேஜிக்ல கிரேவ்யார்டுனு பேரு, எங்க டேபிள்ல அதுக்கு சுடுகாடுனுதான் பேரு, "சுடுகாட்ல எத்தனை கார்டு இருக்கு"னு பக்கத்து ஃபிளாட்ல கேட்டா என்ன நினைப்பாங்களோ.)

பாக்ஸ்ல என்ன இருக்குன்னு பாத்தா நூறு கார்டு, ரெண்டு பக்கமும் அச்சடிச்ச பத்து டோக்கன் (டெக்ல இல்லாம, வேற கார்டு புண்ணியத்துல டேபிள்ல வந்து நிக்கற ஜந்து மாதிரி விஷயத்துக்கு அடையாள அட்டை), ரெண்டு கார்டு போட்ட ஒரு சாம்பிள் பாக்கெட், ஒரு அட்டை டப்பா. ஹேசலும் ஆட் ஏகார்ன் கேங்குனு இன்னொரு அணில் கோஷ்டியும் பளபளானு ஃபாயில்ல வரும், பிடிச்சா அந்த கோஷ்டியையும் தலைவரா வச்சு ஆடலாம். மானா குடுக்கற சோல் ரிங் கார்டும் உண்டு. ஸ்லீவ், அதாவது கார்டுக்கு போடற பிளாஸ்டிக் உறை கிடையாது, அதை தனியா வாங்கணும், வாங்காம ஆடாதீங்க, ஒரு தடவை மேசையில டீ கொட்டினா புரியும்.

சரி, ஹேசல் என்ன பண்ணுவா? ரெண்டு வேலை. ஒண்ணு, உங்க டர்ன் முடியற நேரத்துல உங்ககிட்ட இருக்கற ஒரு டோக்கனை காப்பி எடுப்பா, அது அணிலா இருந்தா ஒண்ணுக்கு பதில் ரெண்டு காப்பி. இன்னொண்ணு, அவளை டேப் பண்ணி, அதாவது கார்டை பக்கவாட்டுல படுக்க வச்சு, ரெண்டு லைஃப் குடுத்து, எத்தனை டோக்கனை டேப் பண்றீங்களோ அத்தனை கருப்பு பச்சை மானா வரும். இந்த ரெண்டாவதுதான் நிறைய பேர் சரியா படிக்காம விடற இடம். இந்த டர்ன்லயே பொறந்த அணிலைக் கூட மானாவுக்கு டேப் பண்ணலாம், புதுசா வந்தது தாக்கத்தான் கூடாது, செலவுக்கு படுக்க வைக்க தடை இல்ல, ஆனா ஹேசல் மட்டும் உங்க டர்ன் ஆரம்பத்துலேர்ந்து டேபிள்ல இருந்திருக்கணும். அதுக்கு அப்புறம்தான் தலைவலியே, படுக்க வச்ச அணில் தாக்காது, எதிராளி டர்ன்ல தடுக்கவும் செய்யாது. பதினொரு அணில் இருக்கு, பதினொரு மானாவா மாத்தி ஒரு பெரிய கார்டு போடவா இல்ல பதினொண்ணையும் அடிக்க அனுப்பவா, ரெண்டும் ஒரே டர்ன்ல நடக்காது. ஆடி ஆடி எனக்கு பிடிச்சது இந்த ஒரு முடிவு எடுக்கற நேரம்தான், மத்ததெல்லாம் அதுக்கு மேளதாளம்.

பத்து டோக்கன் குடுத்திருக்காங்கனு சொன்னேன்ல, சிரிப்பு வருது இப்ப. இந்த டெக் ஓடற அன்னைக்கு அணில் இருபது முப்பதுன்னு போகும். முதல்ல புளியங்கொட்டை வச்சோம், எண்ணிக்கைக்கு சரி, ஆனா எது படுத்திருக்கு எது நிக்குதுன்னு புளியங்கொட்டைல எப்படி காட்டறது? ஹேசலுக்கு அதுதானே உயிர். பகடை வச்சா ஒவ்வொரு காப்பிக்கும் பகடையைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கை விட்டுப் போகும். கடைசில அம்மாவோட பல்லாங்குழி சோழியை எடுத்தேன். வாய் மேல பாத்தா நிக்கற அணில், குப்புறக் கவுத்தா டேப் ஆன அணில். இவ்வளவுதாங்க. ஆறு மாசமா இருந்த பிரச்சனை ஒரு கைப்பிடி சோழில தீந்துச்சு, என் டர்ன் வந்தா சலசலனு சத்தம் வேற, எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கு அந்த சத்தமே பாதி தோல்வி. புதுசா வந்த அணிலை தனியா ஒரு குழில வச்சுக்கலாம், அடுத்த டர்ன்ல கூட்டத்தோட சேத்துக்கலாம். பல்லாங்குழிப் பலகை இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

இப்ப குறைக்கு வரேன். பாக்ஸை அப்படியே ஆடினா இது முழு அணில் டெக் இல்ல, டோக்கன் டெக், அணில் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஹேசல் எந்த டோக்கனை வேணா காப்பி எடுப்பாங்கறதால வேற ஜந்து போடற கார்டும் உள்ள இருக்கு, ஆட்டத்துக்கு அது தப்பில்ல, ஆனா அணில்னு சொல்லி வாங்கினவனுக்கு நடுவுல வேற யாரோ வந்து நின்னா கல்யாண ஆல்பத்துல தெரியாத ஆள் நிக்கற மாதிரி உறுத்தும். அதனால பதினாலு கார்டை எடுத்துட்டு நம்ம ஆளுங்களை இறக்கினேன். ப்ளூம்பரோ மெயின் செட்லேர்ந்து ரெண்டு முக்கியம். கமேலியா, இவ இருந்தா மத்த அணிலுக்கு எல்லாம் மெனஸ் வந்துரும், அதாவது ஒரு அணிலைத் தடுக்க எதிராளி ரெண்டு ஆளை நிறுத்தணும். வேலி ராட்காலர், இது அடிக்கப் போனாலே போதும், உங்ககிட்ட வேற எத்தனை அணில் இருக்கோ அத்தனை லைஃப் எதிராளி ஒவ்வொருத்தருக்கும் போகும், உங்களுக்கு அத்தனை ஏறும், வௌவால் பல்லி எலியும் கணக்குல சேரும் ஆனா நம்மகிட்ட அதெல்லாம் இல்ல. டோஸ்கினு இன்னொரு அணிலும் என் டெக்ல உண்டு. எதிராளியை அடிச்சு உள்ள போற ஒவ்வொரு ஜந்துக்கும் ஒரு கார்டு எடுக்கலாம், டோஸ்கியை போடும்போதே ரத்து பண்ணவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஆனா ஒவ்வொரு தடவையும் தாக்கியே ஆகணும், வாலு முளைச்ச வாண்டு.

பாக்ஸ்லயே வர்ற புது கார்டுல ஸ்வார்ம்யார்ட் மசாக்ரை தூக்கிராதீங்க. பூச்சி, எலி, சிலந்தி, அணில் இந்த நாலைத் தவிர டேபிள்ல இருக்கற எல்லா ஜந்தையும் சுருக்கும், உங்க கூட்டம் பெருசா இருந்தா கொன்னே போடும். இந்த நாலு எப்படி ஒண்ணு சேந்துச்சுன்னா 2006ல டைம் ஸ்பைரல்ல ஸ்வார்ம்யார்டுனு ஒரு நிலம் வந்துச்சு, அது காப்பாத்தற லிஸ்ட் இதே நாலுதான், பதினெட்டு வருஷம் கழிச்சு அந்த ஜோக்கை ஞாபகம் வச்சு கார்டு போட்டிருக்காங்க. இந்த மாதிரி சின்ன சின்ன விஷயத்துக்குத்தான் தீம் டெக் ஆடறதே.

ஹெர்மிட் கதையும் சொல்லணும். 1999ல அர்சாஸ் லெகசி செட்ல டிரேஞ்ச்ட் ஹெர்மிட்னு ஒரு கிறுக்கு சாமியார் வந்தார், அஞ்சு மானா, வரும்போதே நாலு அணிலைக் கூட்டிட்டு வருவார், எல்லா அணிலுக்கும் தாக்கும் உயிரும் ஒண்ணு கூடும். பழைய ஆளுங்களுக்கு அணில் டெக்னாலே இவர்தான். ஆனா ரிசர்வ்டு லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கற கார்டை மறுபடி அச்சடிக்க மாட்டோம்னு 1996ல வாக்கு குடுத்துட்டாங்க, நம்ம சாமியாரும் அதுல மாட்டிக்கிட்டார். அதனால 2019ல மாடர்ன் ஹொரைசன்ஸ்ல அவருக்கு ஒரு தம்பியை இறக்கினாங்க, டீப் ஃபாரஸ்ட் ஹெர்மிட், அதே அஞ்சு மானா, அதே நாலு அணில், ஆனா மூணு டர்ன்தான் கெடு, உங்க மூணாவது அப்கீப்ல, அதாவது டர்ன் ஆரம்பத்துல, ஆள் காணாமப் போயிருவார். என் டெக்ல தம்பிதான். அண்ணனை வாங்க வசதி இல்ல, வாங்கினாலும் ஷஃபிள் பண்ண மனசு வராது.

தம்பி வந்ததும் ஒரு தமாஷ் நடக்கும், இதை எந்த லிஸ்ட்லயும் பாத்து கத்துக்க முடியாது, கைல ஆடினாதான் தெரியும். ஸ்கல்கிளாம்ப்னு ஒரு பழைய ஆயுதம், மாட்டின ஜந்துக்கு தாக்கு ஒண்ணு கூடும், உயிர் ஒண்ணு குறையும், அது செத்தா ரெண்டு கார்டு. ஒண்ணுக்கு ஒண்ணு (தாக்கு ஒண்ணு, உயிர் ஒண்ணு) அணில் மேல மாட்டினா அந்த நிமிஷமே செத்துரும், ஒரு மானாவுக்கு ரெண்டு கார்டு, மறுபடி அடுத்த அணில், மறுபடி ரெண்டு கார்டு, கடலை கொறிக்கற மாதிரி போயிட்டே இருக்கலாம். 2004ல வந்த சில மாசத்துலயே இதை ஸ்டாண்டர்ட்ங்கற இன்னொரு ஆட்ட வகைல தடை பண்ணாங்க, கமாண்டர்ல இன்னும் ஓடுது. ஆனா ஹெர்மிட் டேபிள்ல இருந்தா அணில் எல்லாம் ரெண்டுக்கு ரெண்டு, கிளாம்ப் மாட்டினா சாகாது! மூணுக்கு ஒண்ணா ஜம்முனு நிக்கும். கார்டும் வராது. அணிலைப் பலமாக்கற கார்டும் அணிலை பலி குடுத்து பிழைக்கற கார்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடற டெக் இது, மூணு டர்ன் அடி, சாமியார் போனதும் கிளாம்ப் எடு, அந்த வரிசை பிடிபட எனக்கு நாலஞ்சு ஆட்டம் ஆச்சு.

சாட்டர்ஃபாங் பத்தி சொல்லாம அணில் டெக் ரிவ்யூ எழுதினா அடிப்பாங்க. 2021ல வந்த அணில் ஜெனரல், உங்களுக்கு என்ன டோக்கன் வந்தாலும் அத்தனை அணில் கூட வரும். ஹெர்மிட் நாலு போட்டா எட்டு. டர்ன் முடிவுல ஹேசல் ரெண்டு காப்பி எடுத்தா நாலு. ஆக பன்னெண்டு. அடுத்து செகண்ட் ஹார்வெஸ்ட்னு ஒரு கார்டு, இருக்கற ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு காப்பி, அந்தப் பன்னெண்டுக்கு இவர் புண்ணியத்துல இன்னொரு பன்னெண்டு, மொத்தம் 36. ஒரே ஒரு தடவை இது எனக்கு அமைஞ்சுது, அன்னைக்கு சோழி பத்தாம திரும்ப புளியங்கொட்டைக்குப் போனேன்.

ஆனா என்னோட நல்ல ஆட்டம் அது இல்ல. போன தீபாவளி லீவுல மாப்ள வீட்ல, அவன், அவன் வீட்டுக்காரம்மா, மேல் வீட்டுத் தம்பி, நான். என்கிட்ட 22 அணில், ஹேசல், அப்புறம் ஓரமா ஜூலபோர்ட் கட்த்ரோட்னு ஒரு நோஞ்சான் கார்டு. மாப்ள டிராகன் டெக். பிளாஸ்ஃபமஸ் ஆக்ட் எடுத்தான், எல்லா ஜந்துக்கும் 13 அடி, ஒன்பது மானா கார்டு, ஆனா டேபிள்ல இருக்கற ஒவ்வொரு ஜந்துக்கும் ஒரு மானா குறையும், என் அணில் புண்ணியத்துல அவனுக்கு ஒரே ஒரு சிவப்பு மானா. முகமெல்லாம் பல்லு. "ரெஸ்பான்ஸ் இருக்காடா?" "இல்ல மாப்ள, போடு." போட்டான். அவன் வீட்டுக்காரம்மா, "அண்ணா இவ்ளோ அமைதியா இருக்கீங்களே"னு அப்பவே சந்தேகப்பட்டாங்க. என் ஆளுங்க எல்லாம் ஒரே நேரத்துல செத்தாங்க, கட்த்ரோட் இருந்தா என் ஜந்து சாகற ஒவ்வொண்ணுக்கும் எதிராளி எல்லாருக்கும் ஒரு லைஃப் போகும், அதுவும் சேந்து செத்தாலும் கூட செத்ததை எல்லாம் பாத்துட்டுத்தான் சாகும். இருபத்திரெண்டு, ஹேசல், கட்த்ரோட், மொத்தம் 24. அவங்க லைஃப் 17, 21, 9. மாப்ள அந்த கட்த்ரோட் கார்டை சோழிக்கு அடிலேர்ந்து எடுத்து படிச்சான், கீழ வச்சான், மறுபடி எடுத்து படிச்சான். அணில் ஏறவிட்ட நாய் மாதிரின்னு கேள்விப்பட்டிருக்கோம், அன்னைக்குதான் நேர்ல பாத்தேன்.

இதே டெக்ல இன்னொரு வழியும் இருக்கு, நான் போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டேன். சாட்டர்ஃபாங்கோட பிட்டிலெஸ் ப்ளண்டரர் சேந்தா முடிவே இல்லாம சுத்தும். சாட்டர்ஃபாங்குக்கு ஒரு கருப்பு மானா குடுத்து ஒரு அணிலை பலி குடு, ப்ளண்டரர் ஒரு டிரெஷர் (உடைச்சா ஒரு மானா) குடுப்பான், டிரெஷரும் டோக்கன்தானே, அதனால ஒரு அணிலும் கூட வரும், டிரெஷரை உடைச்சு அடுத்த அணிலை பலி குடு, திரும்ப முதல்லேர்ந்து. கட்த்ரோட் டேபிள்ல இருந்தா அத்தோட ஆட்டம் க்ளோஸ். முதல் தடவை பண்ணினப்ப ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல, கார்டை அள்ளிட்டு "அடுத்தது போலாமா"னு கேட்டாங்க, அவ்வளவுதான். 24 பேர் செத்து ஜெயிச்ச ஆட்டத்தை இன்னும் திட்டித் திட்டி பேசறாங்க, இதைப் பத்தி யாரும் பேசினதே இல்ல. டெக்கை பலத்தை வச்சு அஞ்சா பிரிக்கற பிராக்கெட் முறை 2025 பிப்ரவரில வந்தப்ப ரெடிமேட் டெக்கை பொதுவா ரெண்டாவது பிராக்கெட்லதான் வச்சாங்க, ரெண்டு கார்டு முடிவில்லா காம்போ அங்க ஆகாது. ப்ளண்டரர் இப்ப பைண்டர்ல தூங்கறான்.

வாங்கறதுக்கு முன்னாடி தெரிய வேண்டிய கஷ்டங்களும் இருக்கு. உங்க டர்ன் நீளும், எண்ணி, காப்பி எடுத்து, படுக்க வச்சு, கூட இருக்கறவங்க நடுவுல போன் எடுத்துருவாங்க, அதனால அடுத்தவங்க டர்ன்லயே கணக்கை மனசுல போட்டு வச்சுக்கோங்க. கட்த்ரோட் மாதிரி எதுவும் இல்லாத நேரத்துல எதிராளி டேபிளைத் துடைச்சா அவ்வளவுதான், காப்பி எடுக்க டோக்கனே இல்லாம, திரும்ப கூப்பிட்ட ஹேசலும் சும்மா நிப்பா, அதனால கைல எப்பவும் ஒரு அணில் போடற கார்டை மிச்சம் வைங்க, மொத்தத்தையும் ஆசைப்பட்டு இறக்காதீங்க. ஃபாயில் கார்டு நம்ம ஊரு புழுக்கத்துல அப்பளம் மாதிரி வளையும், ஷூ டப்பால வர்ற சிலிக்கா பாக்கெட்டை டெக் பாக்ஸ்ல ரெண்டு போட்டு வச்சா கொஞ்சம் அடங்கும்.

விலை, நான் வாங்கினப்ப ஆறாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. முதல்ல ஆர்டர் போட்ட கடை, பேர் வேணாம், மூணு வாரம் "டிஸ்பேட்ச் ஆயிருச்சு சார்"னே சொல்லிட்டு கடைசில காசைத் திருப்பிக் குடுத்தாங்க, அப்புறம் வேற இடத்துல வாங்கினேன். தனிக் கார்டு இங்க கிடைக்கறதும் லேசு இல்ல, வெளிநாட்டுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க பெட்டில சாக்லேட்டுக்கு நடுவுல ஒரு கவர் வைக்கச் சொல்றதுதான் என் சப்ளை செயின்.

புதுசா கமாண்டர் கத்துக்கறவங்களுக்கு இதை முதல் டெக்கா குடுக்க மாட்டேன், எண்ணிக்கைலயே மூச்சு முட்டிரும். ஏற்கனவே ஒரு டெக் இருக்கு, ஜெயிச்சா போதும்ங்கற வெறி அடங்கிப் போச்சு, டேபிள்ல நாலு பேர் சிரிக்கணும்னு நினைக்கறீங்கனா கண்ணை மூடிட்டு வாங்கலாம். பாக்ஸை அப்படியே ஒரு பத்து ஆட்டம் ஆடுங்க, அப்புறம் கமேலியா, ராட்காலர்னு ஒண்ணொண்ணா சேருங்க, ஒரே நாள்ல இருபது கார்டு மாத்தினா எது வேலை செய்யுதுன்னே தெரியாது. என் மார்க் அஞ்சுக்கு நாலு, அந்த ஒண்ணை டோக்கன் பஞ்சத்துக்காக பிடிச்சிக்கிட்டேன். போன வாரம் அம்மா பல்லாங்குழியைத் திருப்பிக் கேட்டாங்க, எண்ணிப் பாத்தா நாலு சோழி குறையுது, மாப்ள வீட்டு சோஃபாக்கு அடில தேடச் சொல்லியிருக்கேன்.